சாட்சிக் கையெழுத்தும் இணையவழிப் பயிற்சியும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஒரு தீர்மானம் இடம்பெற்றுள்ளது. மதரஸாவின் மாடி அறையில் நான்கு கணினிகளை அமைப்பது, மருத்துவமனைப் பணி, முதியோர் பராமரிப்பு, மருத்துவ ஆய்வுப் பணி ஆகியவற்றை நாடும் நம் பிள்ளைகள் அங்கு அமர்ந்து இணையவழிப் பயிற்சி பெற வழிசெய்வது என்பதே அத்தீர்மானம். "பள்ளிவாசலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று பெரியவர்கள் சிலர் நம்மிடம் வினவினார்கள். நியாயமான வினாவே. அதற்கு விடை கூறுமுன், நம்மால் நேர்ந்த ஒரு பிழையை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். இமாம் என்பவர் பிறர் தவறுகளை மட்டுமே எடுத்துரைப்பவராக இருந்துவிடக் கூடாதல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் மஹல்லாவைச் சேர்ந்த முதியவர் ஒருவரை நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். நீரிழிவு நோயினால் அவரது காலில் ஆறாத புண். அங்கு, புண்ணுக்கான புதுவகைக் கட்டு ஒன்றைப் பற்றி ஆய்வு நடந்து கொண்டிருந்தது. அதில் சேர்வதற்கான ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். பதினொரு பக்கங்கள். முதியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் படிவத்தைப் பார்க்கவில்லை. நம் முகத்தைப் பார்த்தார். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், "பிஸ்மில்லாஹ் சொல்லிக் கைநாட்டு வையுங்கள், நல்லதுதான்" என்று கூறிவிட்டோம். அவர் வைத்தார். 'நடுநிலைச் சாட்சி' என்ற இடத்தில் நம்மைக் கையொப்பமிடச் சொன்னார்கள். நாமும் இட்டோம்.

திரும்பும் வழியில், பேருந்தில் அவர் கேட்டார்: "ஹஜ்ரத், எனக்குப் புதுக் கட்டா, பழைய கட்டா? அதை யார் முடிவு பண்ணுவாங்க?" நம்மிடம் விடை இல்லை. வாசித்துக் கேட்காத ஒரு தாளுக்கு நாம் சாட்சியாகியிருந்தோம்.

அன்பர்களே! அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனத்தை நீங்கள் அறிவீர்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், சாட்சிகளை ஏற்படுத்தவும் அல்லாஹ் அதில் பணிக்கிறான். வாசகத்தைச் சொல்ல இயலாத பலவீனராக ஒருவர் இருந்தால், அவருடைய பொறுப்பாளர் நீதி தவறாமல் சொல்ல வேண்டும் என்றும் அவ்வசனம் கட்டளையிடுகிறது. மதரஸா மாணவர்களுக்கு அதனைப் பலமுறை விளக்கிப் பாடம் நடத்தியவர்கள் நாம். காசு பணத்திற்கே இவ்வளவு கவனம் வேண்டுமெனில், ஒரு மனிதரின் உடலைப் பற்றிய ஒப்பந்தத்திற்கு எத்துணைக் கவனம் வேண்டும்! அதனை நாம் மறந்து நின்றோம்.

இரண்டு நாட்களுக்குப் பின் அம்மருத்துவமனையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஆய்வுப் பிரிவில் புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த இளம்பெண் ஒருவர் பேசினார். "ஐயா, படிவங்களைச் சரிபார்த்தேன். தொடங்கிய நேரத்துக்கும் கையெழுத்துக்கும் இடையே பத்து நிமிடங்கள்தான் இருக்கின்றன. பதினொரு பக்கத்தையும் படித்துக் காட்டினார்களா? நீங்கள் முழுவதும் உடனிருந்து கேட்டீர்களா?" என்று வினவினார். இல்லை என்ற உண்மையைக் கூறினோம். அவர் கடிந்து கொள்ளவில்லை. மறுநாள் எங்கள் இருவரையும் வரவழைத்து, பக்கம் பக்கமாகத் தமிழில் வாசித்து விளக்கினார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. எந்தக் கட்டு என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை, சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறையில்தான் அது முடிவாகும் என்றார். "நான் சேராவிட்டால் வைத்தியத்தை நிறுத்திடுவீங்களா?" என்று முதியவர் கேட்டார். "நிறுத்த மாட்டோம் ஐயா, வழக்கமான சிகிச்சை அப்படியே தொடரும்" என்று அவர் பதிலளித்தார். முதியவர் சற்று நேரம் சிந்தித்து, "அப்படியானால் எனக்கு வேண்டாம்மா" என்றார். அப்பெண் புன்னகையுடன் அதனைப் பதிவு செய்து கொண்டார். சொன்னபடியே அவருடைய சிகிச்சையும் தொடர்ந்தது.

இந்த ஒழுங்கை எங்கே கற்றீர்கள் என்று விசாரித்தோம். "இணையவழிப் பாடத்தில் ஐயா, விடுதியில் இரவு நேரத்தில் உட்கார்ந்து படித்தேன்" என்றார். ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதிய நமக்கு, சாட்சியத்தின் பொருளை அந்தப் பாடம் அன்று நினைவூட்டியது. பள்ளிவாசலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற வினாவுக்கு நாம் கூறும் முதல் விடை இதுவே.

அந்தப் பாடத்தில் என்னதான் உள்ளது? 'நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை' என்பது அதன் பெயர். 1996இல் பன்னாட்டு அளவில் வகுக்கப்பட்டது. 2016இலும் 2025இலும் திருத்தப்பட்டது. அதற்கும் முன்னோடியாக, உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கி நகரில் வெளியிட்ட பிரகடனம் உள்ளது. நமது நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளும் உள்ளன. ஒருவருக்கு ஆய்வை விளங்கும் மொழியில் எடுத்துரைத்த பின்னரே ஒப்புதல் பெற வேண்டும், அவர் மறுக்கலாம், சேர்ந்த பின்னும் விலகலாம், எழுத்தறியாதவராயின் நடுநிலைச் சாட்சி தொடக்கம் முதல் இறுதி வரை உடனிருக்க வேண்டும். முற்றிலும் புதிய மருந்தின் ஆய்வில் எளிதில் பாதிக்கப்படக்கூடியோரைச் சேர்க்கும்போது, ஒப்புதல் பெறும் நிகழ்வை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டுமென 2019 விதிகள் கூறுகின்றன.

இவை மீறப்பட்டால் என்னவாகும் என்பதற்கு நம் அண்டை மாநிலமே சான்று. 2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வடோதராவிலும் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய ஆய்வுத் திட்டம் சிறுமியரிடையே நடத்தப்பட்டது. 2010இல் அது நிறுத்தப்பட்டது. பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோரின் ஒப்புதலின்றி, விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தது தெரியவந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதனை வன்மையாகக் கண்டித்தது. ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம்: அங்கு நேர்ந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. எனவே தடுப்பூசியை வெறுக்க இதனை எவரும் ஆதாரமாக்க வேண்டாம். குற்றம் ஊசியில் இல்லை. பிறருக்காக இடப்பட்ட கையெழுத்தில் இருந்தது. அந்தக் காப்பாளர்களைப் பற்றிப் படித்தபோது, நம் கையெழுத்தே நம் கண்முன் வந்து நின்றது.

ஆய்வு என்றாலே அஞ்சி ஓட வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. 1956இல் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெறுவோரையும், வீட்டில் இருந்தபடி மாத்திரை உட்கொள்ளும் ஏழை நோயாளிகளையும் அம்மையம் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் அதே அளவு பலன் தருகிறது என்று 1959இல் முடிவு வெளியாயிற்று. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை முறையே அதனால் மாறியது. அந்த முடிவை நம்பத்தக்கதாக்கியவர்கள் மருத்துவ மேதைகள் மட்டுமல்லர். நோயாளிகளின் வீடுகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று மாத்திரைகளை எண்ணிய, சிறுநீர் மாதிரிகளைச் சேகரித்த எளிய பணியாளர்களின் நேர்மையும் அதில் கலந்திருக்கிறது. அவர்களுள் ஒருவர் எண்ணாமலே எண்ணியதாக எழுதியிருந்தால் என்னவாகியிருக்கும்? பெயர் வெளியே தெரியாத அந்தப் பணியைத்தான் நம் பிள்ளைகள் நாடுகிறார்கள்.

நோயாளிக்குப் பணிவிடை செய்வது நமக்குப் புதிதும் அன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயமுற்றோரைப் பராமரித்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் பெயரை வரலாறு பாதுகாத்து வைத்திருக்கிறது. மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. ஆக, பணிவிடை நன்மை. பயிற்சியின்றிச் செய்யும் பணிவிடை ஆபத்து.

இனி, பயிற்சியை நாடுவோர் ஏமாறாதிருக்கச் சில செய்திகள். இந்திய அரசின் 'ஸ்வயம்' கல்வித் தளம் 2017இல் தொடங்கப்பட்டது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் சுகாதார ஆராய்ச்சியின் அடிப்படைகளை இணையவழிப் பாடமாகவே வழங்கியுள்ளது. கொரோனாப் பெருந்தொற்று வந்த 2020இல், மருத்துவர் முதல் தன்னார்வலர் வரை முன்களப் பணியாளர்களுக்கு அரசு இணையவழியிலேயே பயிற்சி அளித்தது. கட்டணமின்றிக் கிடைக்கும் தரமான பாடங்கள் இருக்க, அவற்றையே பெருந்தொகைக்கு விற்போரும் உளர். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன் ஜமாஅத்தில் வந்து கலந்தாலோசியுங்கள்.

இணையவழிச் சான்றிதழ் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். செவிலியராகப் பதிவு பெற, மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி வேண்டும். துணைநிலை மருத்துவத் துறைகள் சிலவற்றின் பட்டப் படிப்புகளை இணையவழியிலோ தொலைநிலையிலோ நடத்தக் கூடாதென 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. இங்கிலாந்தில் பராமரிப்புப் பணியாளர்களுக்கென 2015இல் அறிமுகமான 'கேர் சர்டிஃபிகேட்' முறையிலும், பாடத்தைக் கணினியில் கற்கலாம். ஆனால் பணியிடத்தில் ஒருவர் நேரில் கவனித்து மதிப்பிட்டால்தான் தகுதி நிறைவுறும். கணினி சொல்லித் தரும். முதியவரைப் படுக்கையிலிருந்து வலிக்காமல் தூக்கி அமர்த்தக் கைதான் பழக வேண்டும். ஒளு செய்யும் முறையை நூலில் படிப்பவரும் தண்ணீரின் அருகே சென்றுதானே ஆக வேண்டும்?

மற்றொரு செய்தி நம் செவிக்கு எட்டியுள்ளது. அதனைக் கூறாதிருத்தல் முறையன்று. இணையவழித் தேர்வில் ஒருவருக்காக மற்றொருவர் விடையளிக்கும் வழக்கம் நம் இளைஞர்கள் சிலரிடையே உள்ளது. "நண்பனுக்கு உதவிதானே ஹஜ்ரத்" என்கிறார்கள். இளைஞர்களே! தேர்வறையில் கண்காணிப்பாளர் இல்லை என்பது உண்மை. அல்லாஹ் பார்க்கின்றான் என்பது அதனினும் பெரிய உண்மை. நாம் அன்று இட்ட கையெழுத்தும் நீங்கள் நண்பருக்காக அழுத்தும் விடையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டும் நடவாததை நடந்ததாகச் சொல்லும் சாட்சி. உங்கள் நண்பர் நாளை ஒரு படுக்கையின் அருகே நிற்பார். அப்படுக்கையில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அவர் முகத்தையே பார்த்துக் கொண்டிருப்பார். அவர் உங்கள் வாப்பாவாகவும் இருக்கக்கூடும்.

எனவே, பொதுக்குழுவின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, மாடி அறைத் தீர்மானத்தை நிறைவேற்றித் தாருங்கள். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். இரண்டாவது, அங்கு பயில்பவர் தம் பாடத்தைத் தாமே படித்து, தம் தேர்வைத் தாமே எழுத வேண்டும். மீறுபவருக்கு அந்த அறையில் இடமில்லை என்பதையும் தீர்மானத்தில் சேருங்கள். மூன்றாவது, மருத்துவமனையில் எந்தத் தாளை நீட்டினாலும், முழுவதும் வாசிக்கக் கேளாமல் எவரும் கைநாட்டு வைக்க வேண்டாம். எவருக்கும் சாட்சியாக வேண்டாம். துணைக்கு ஆள் தேவைப்பட்டால் நம்மை அழையுங்கள். இம்முறை இறுதிப் பக்கம் வரை அமர்ந்திருப்போம், இன்ஷா அல்லாஹ்.

அந்த முதியவர் இப்போது நம்மிடையே இல்லை. ஒப்புதல் படிவத்தைப் பற்றி அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன் ஹஜ்ரத்" என்றார். அந்தச் சொல்லின் பாரம் இன்றும் நம் தோள்களில் உள்ளது. நம்மை நம்புவோரின் நம்பிக்கை அமானிதம். அதனைப் பேணும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! அம்முதியவரின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.