திரும்பி நடந்த எட்டு கிலோமீட்டர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி: லூக்கா 2:41-52)



ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரங்களில் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலை காவி நிறமாகிவிடுகிறது. சென்னையிலிருந்தும் புதுவையிலிருந்தும் நடந்து வருகிறவர்களோடு நம் பங்குகளிலிருந்து கிளம்புகிறவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். முன்னால் மாதா சுரூபம் வைத்த சிறிய தேர். பின்னால் குடும்பம் குடும்பமாக மக்கள். 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8 அன்னையின் பிறப்புப் பெருவிழா.

நாசரேத்துக் குடும்பமும் இப்படித்தான் நடந்தது. ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போவது அவர்கள் வழக்கம் என்று லூக்கா எழுதுகிறார். நாசரேத்திலிருந்து எருசலேம் நூறு கிலோமீட்டருக்கு மேல். கடலூரிலிருந்து வேளாங்கண்ணி எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உறவினர், ஊரார் எல்லாரும் கூட்டமாக வந்தார்கள். விழா முடிந்து திரும்பும்போது பன்னிரண்டு வயது இயேசு எருசலேமிலேயே தங்கிவிட்டார். பெற்றோருக்கு அது தெரியவில்லை. ஒரு நாள் வழிநடை போன பிறகுதான் தேடினார்கள்.

சிறுவயதில் இந்த வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பெற்ற பிள்ளையைக் காணோம் என்பது ஒரு நாள் முழுவதும் ஒரு தாய்க்குத் தெரியாமல் இருக்குமா? ஆண்கள் ஒரு கூட்டமாகவும் பெண்கள் ஒரு கூட்டமாகவும் நடந்திருப்பார்கள், அதனால் ஒருவரோடு இருப்பதாக மற்றவர் நினைத்திருப்பார் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். நற்செய்தியில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அது நடக்கக்கூடியதுதான் என்பதைச் சிதம்பரம் சாலையில் நாங்களே கற்றுக்கொண்டோம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அந்த ஆண்டு அம்மா பெரிய நோயில் விழுந்து பிழைத்திருந்தார். குடும்பத்தோடு நடந்தே வந்து, கொடியேறும் நேரத்தில் மாதா முன்னால் நிற்பேன் என்று அப்பா நேர்ந்திருந்தார். அம்மாவால் நடக்க முடியாது; பாட்டியோடு பஸ்ஸில் போய் வேளாங்கண்ணியில் காத்திருப்பது என்று ஏற்பாடு. அப்பா, அத்தை, பிள்ளைகள் நால்வருமாக நடந்தோம். கடைக்குட்டித் தம்பிக்கு ஒன்பது வயது.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று இரண்டு நாளில் சிதம்பரம் சேர்ந்து இரவு படுத்தோம். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் புறப்பட்டாயிற்று. அப்பா முன்னால் தேர் இழுக்கிறவர்களோடு. அத்தை பின்னால் செபமாலை சொல்லும் பெண்களோடு. நாங்கள் நடுவில், பாட்டுக் கோஷ்டியில். கொள்ளிடம் பாலத்தை அடைந்தபோது விடிந்துவிட்டது. ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். அத்தை பையைத் திறந்து ஆளுக்கொரு பன் கொடுத்தார். ஒரு பன் மிஞ்சியது.

அப்பா எதுவும் பேசவில்லை. தேர்க் கயிற்றைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார். எட்டு கிலோமீட்டர். எதிரே கூட்டம் பாடிக்கொண்டு வருகிறது. அவர் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்துக்கொண்டே எதிர்த்திசையில் போகிறார். நாங்களும் அத்தையோடு பின்னாலேயே ஓடினோம்.

தம்பி சிதம்பரத்தில் ஓர் இட்லிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். காலில் கொப்புளம் உடைந்து, மஞ்சள் அப்பிய துணி கட்டியிருந்தது. கடைக்கார அம்மா நெற்றி நிறைய விபூதி பூசியவர். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் தரிசனத்துக்கும் நடராசர் தேர் ஓடும் ஊர் அல்லவா, கூட்டம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். “தேருக்கு வந்து தொலைஞ்ச பிள்ளைங்களையும் இப்படித்தாங்கய்யா உட்கார வைப்போம். பிள்ளை அலையக் கூடாது. தேடுறவங்கதான் அலையணும்” என்றார். இட்லிக்குக் காசு வாங்கவில்லை.

அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு, “ஏண்டா கூப்பிடல?” என்றார்.

“கூப்பிட்டேம்பா. எல்லாரும் பாடிக்கிட்டே போயிட்டீங்க.”

நேயர்களே, அந்தப் பதில் எங்களுக்கு இன்னும் சுடுகிறது. நாங்கள் கெட்ட பாட்டுப் பாடவில்லை, மாதா பாட்டுத்தான் பாடினோம். அந்தச் சத்தத்தில்தான் பத்தடி பின்னால் நின்ற பிள்ளையின் குரல் கேட்காமல் போயிற்று. இன்றைக்கு நம் வீடுகளில் செபமாலை நடக்கிறது, திருப்பலிக்குப் போகிறோம், திருவிழாவுக்கு வரி கட்டுகிறோம். அதே வீட்டில் மகள் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போகிறாள். குடியை விட முடியாத மகன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். குடும்பமாகத் திருப்பயணம் என்று கிளம்பி, நடக்க முடியாத பெரியவரை அடுத்த வீட்டுச் சாவியோடு விட்டுவிட்டுப் போகிறோம். நாலு நாளைக்குச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறோம் என்று சமாதானம் வேறு.

மரியாவும் யோசேப்பும் கூட்டத்தோடு ஊர் போய்ச் சேரவில்லை. உறவினரிடம் தேடினார்கள், அறிமுகமானவர்களிடம் தேடினார்கள், பிறகு எல்லாரும் போகும் திசையை விட்டுத் திரும்பினார்கள். மூன்றாம் நாள் கோவிலில் கண்டபோது மகன் சொன்ன பதிலும் அவர்களுக்குப் புரியவில்லை. பிள்ளையைக் கண்டுபிடித்தவர்களுக்கெல்லாம் பிள்ளை புரிந்துவிடுவதில்லை. பெற்றோருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் கதைக்கு வருவோம். தம்பியால் நடக்க முடியவில்லை. பஸ் ஏறியிருக்கலாமே என்பீர்கள். நடந்து வருவது நேர்ச்சை. அப்பாவும் பெரிய அண்ணனும் மாறி மாறித் தோளில் சுமந்தார்கள். கூட்டம் முன்னே போய்விட்டது. சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணியை எட்டியபோது 30ஆம் தேதி மதியம். கொடி முதல் நாள் மாலையே ஏறிவிட்டது.

நேர்ச்சை தவறிவிட்டதே என்று அப்பா பல நாள் வாடினார். ஊர் திரும்பியதும் பங்குத்தந்தையிடம் கேட்டார். “கொள்ளிடத்திலிருந்து சிதம்பரத்துக்குத் திரும்பி நடந்தீரே, அதை மாதா எந்தக் கணக்கில் எழுதியிருப்பார் என்று நினைக்கிறீர்?” என்றார் சாமியார். அதற்குப் பிறகு நடந்த ஆண்டுகளில் எல்லாம் அப்பா தேர்க் கயிற்றைத் தொடவில்லை. கூட்டத்தின் கடைசி ஆளாகவே நடந்தார்.

இந்த ஆண்டு நடக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதி வையுங்கள். இருட்டில் சாலை ஓரத்தை விட்டு இறங்காதீர்கள். வண்டிகள் வேகமாக வருகின்றன. நிற்கும் இடங்களில் எல்லாம் ஆட்களை எண்ணுங்கள்.

அன்று வேளாங்கண்ணியில் அம்மா கோவில் வாசலில் பாட்டியோடு நின்றிருந்தார். முதல் நாள் கொடியேற்றத்தில் அத்தனை பேருக்கு நடுவே எங்களைத் தேடியே கண் வலித்துவிட்டது என்று பாட்டி பிறகு சொன்னார். எங்களைப் பார்த்ததும் அம்மா அப்பாவிடம் கொடியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒவ்வொருவர் தலையாகத் தொட்டு எண்ணினார். “நாலு” என்றார். பிறகுதான் அழுதார்.

மரியே வாழ்க!