வங்கிக்கு வாயில் வேண்டுமா?

தார் என்றால் கம்பி. நாகா என்றால் சாவடி. ஒரு காலத்தில் கம்பி வேலியும் காவற்சாவடியும் இருந்த இடமாதலால் ஐதராபாத்தின் அப்பகுதிக்குத் தார்நாகா என்ற பெயர் வந்தது என்று அங்குள்ள முதியோர் சொல்வர். இன்று வேலியையும் காணோம், சாவடியையும் காணோம். ஒரு பக்கம் உஸ்மானியாப் பல்கலைக்கழகம். மற்றொரு பக்கம் ஆராய்ச்சிக் கூடங்கள். தலைக்கு மேலே, 2017ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஓடும் மெட்ரோ இரயில். இவற்றினிடையே நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் 1958இல் இங்குப் பெயர்ந்து வந்தபோது அதனோடு வந்தவர் உண்டு. 1966இல் தென் மத்திய இரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியபோது வந்தவரும் உண்டு.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்தவர்க்கு முதலில் வேண்டுவன யாவை? குடியிருக்க ஒரு வீடு, பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கோயில் ஒன்று, நல்ல அரிசி கிடைக்கும் கடை ஒன்று. இவற்றோடு ஐந்தாவதாக வங்கியையும் சேர்க்கலாம். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். சீட்டுக் கட்ட வேண்டும். மகள் திருமணத்துக்கென்று ஏதேனும் ஒதுக்கி வைக்க வேண்டும். மொழி தெரியாத நகரத்தில், நம் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூடிய அலுவலர் ஒருவர் வங்கியில் இருந்துவிட்டால் அவரே பாதி உறவினராகிவிடுவார். மாதத்தின் முதல் நாள் ஓய்வூதியம் வாங்கச் செல்வது நம் முதியோருக்கு ஒரு சிறு திருநாள். பழைய அலுவலக நண்பர்களை அங்கேதான் காண்பர். எவருக்குக் கண் அறுவை, எவர் பேரன் அமெரிக்கா சென்றான் என்ற செய்திகள் எல்லாம் அங்கேதான் கைமாறும்.

இப்பொழுது ஒரு கேள்வி எழுந்துள்ளது. பணப் பரிமாற்றம் அனைத்தும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்ட காலத்தில் வங்கிக்குக் கட்டடம் எதற்கு, கதவு எதற்கு, நாற்காலி எதற்கு என்று இளைஞர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. 2016இல் தொடங்கிய யூ.பி.ஐ. முறையில் 2025 ஆகஸ்டு மாதம் ஒன்றில் மட்டும் இரண்டாயிரம் கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. தார்நாகாக் கூட்டுச் சாலையில் மிர்ச்சி பஜ்ஜி விற்பவரும் இப்பொழுது சில்லறை தேடுவதில்லை. பலகையில் ஒட்டிய சதுரப் படத்தைக் காட்டுகிறார். நாம் முன்பு வங்கிக்கு நடந்த நடையில் பெரும்பகுதி வீண் நடை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு டிராப்டு, பாஸ் புத்தகத்தில் நான்கு வரி, டோக்கனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம். அவ்வரிசைகளில் கழிந்த காலைப் பொழுதுகளுக்காக எவரும் கண்ணீர் விட வேண்டியதில்லை.

ஆயினும் வாழ்க்கையில் எல்லா நாளும் ஒரே மாதிரியான நாள் அல்ல.

நம் தெருவில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார் இருக்கிறார். கணவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் உயிரோடு இருந்தவரை வங்கி வேலைகள் எல்லாம் அவருடையவை. அம்மையாருக்குத் தெரிந்தது கையொப்பம் இடுவது ஒன்றே, அதுவும் தமிழில். கணவர் காலமான பின் குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுத வேண்டி வந்தது. புனேயில் உள்ள மகன், “எல்லாவற்றையும் இங்கிருந்தே செய்துவிடலாம், அம்மா” என்று கைப்பேசியில் முயன்றான். ஒவ்வொரு படியிலும் இரகசிய எண் ஒன்று வரவேண்டும். அவ்வெண் செல்வதோ தந்தையின் கைப்பேசிக்கு. அந்த இணைப்பை, இனித் தேவையில்லை என்று அவனே இரண்டு மாதத்துக்கு முன் நிறுத்தியிருந்தான்! கிளைக்குச் சென்றால், அங்கிருந்த கிளை வேறொன்றோடு சேர்க்கப்பட்டு, அடுத்த சாலையில் ஒரு மாடிக்குப் போய்விட்டது. வங்கியின் பெயர் இங்கு வேண்டா. மாடி ஏறிய அம்மையாரிடம், பழைய கையொப்பமும் புதிய கையொப்பமும் ஒத்திருக்கவில்லை என்றார்கள். எழுபது வயதுக் கை நடுங்காமல் என்ன செய்யும்?

மூன்றாம் முறை சென்றபோது இளம் பெண் அலுவலர் ஒருவர் அவரை எதிரே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் ஒவ்வொரு தாளையும் விளக்கி, நாற்பது நிமிடத்தில் வேலையை முடித்தார். அம்மையார் வீடு திரும்பிச் சொன்னது இதுதான்: “அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.”

முகம் பார்த்துப் பேசுவதன் பயன் இரக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. அது பாதுகாப்பும் ஆகிறது. 2024 நவம்பரில் ஐதராபாத்திலேயே நடந்த நிகழ்ச்சி ஒன்று நாளிதழ்களில் வந்தது. அறுபதைத் தாண்டிய வாடிக்கையாளர் ஒருவர் பாரத ஸ்டேட் வங்கியின் கிளையொன்றுக்கு வந்து, தம் வைப்புத் தொகைகளை உடனே முறித்துத் தருமாறு கேட்டார். காவல்துறையினர் போல் நடித்த மோசக்காரர்கள் அவரைத் தொலைபேசியிலேயே ‘கைது’ செய்து வைத்திருந்தனர். எவரிடமும் உண்மையைச் சொல்லக்கூடாது என்றும் அச்சுறுத்தியிருந்தனர். அவர் முகத்தில் இருந்த பதற்றத்தைக் கண்ட ஊழியர்கள் ஐயுற்றனர். காரணம் கேட்டனர், சொன்ன காரணம் பொருந்தவில்லை, பணம் கொடுக்கத் தயங்கினர். முடிவில் 1930 என்னும் உதவி எண்ணோடு பேச வைத்து உண்மையை உணர்த்தினர். சுமார் 13 இலட்சம் ரூபாய் தப்பியது. அதே கட்டளையைக் கைப்பேசியில் இட்டிருந்தால் நொடிப்பொழுதில் பணம் பறந்திருக்கும். இயந்திரம் பிழையற்றதுதான், ஆனால் நம் குரல் நடுங்குவதை அது கேட்பதில்லை.

நம்மவருக்கு வங்கியோடு உள்ள தொடர்பின் வரலாறும் இதையே காட்டும். 1906இல் சென்னையில் அர்பத்நாட் என்னும் ஆங்கிலேயக் கம்பெனி முறிந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்து தெருவில் நின்றன. பெயரும் பெருமையும் பெற்றிருந்த கட்டடம், உள்ளே பணம் இல்லாமல் நின்றது. அந்த அடியிலிருந்து பிறந்ததே 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் தோன்றிய இந்தியன் வங்கி. நாம் அறிந்தவர், நமக்குப் பதில் சொல்லக் கூடியவர் நடத்தும் வங்கி வேண்டும் என்பதே அம்முயற்சியின் உட்கருத்து. முப்பது ஆண்டுகளுக்குப் பின் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். 1937 பிப்ரவரி 10ஆம் நாள் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே சமயத்தில் அதன் கதவுகள் திறந்தன. தமிழன் எங்கே போகிறானோ அங்கே அவன் பின்னால் வங்கியும் போகவேண்டும் என்று எண்ணியவர் அவர்.

1969 ஜூலை 19இல் 14 பெரிய வங்கிகள் அரசுடைமை ஆயின. அப்பொழுது நாடு முழுவதும் இருந்த கிளைகள் எட்டாயிரத்துச் சொச்சமே. இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேல். ஆகவே, இந்தியாவில் கிளைகள் அழிந்துவருகின்றன என்று எவரேனும் சொன்னால் அது முழு உண்மை அன்று. ஆனால் பெருநகரங்களில் நடந்திருப்பது வேறு. ஐதராபாத்துக்கே உரியதாய், நிஜாம் ஆட்சியில் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, ஒரு காலத்தில் உஸ்மானியா சிக்கா நாணயத்தையும் நிர்வகித்த ஐதராபாத் ஸ்டேட் வங்கி, 2017 ஏப்ரல் 1இல் பாரத ஸ்டேட் வங்கியில் கலந்தது. மசூலிப்பட்டினத்தில் பட்டாபி சீதாராமய்யா 1923இல் தோற்றுவித்த ஆந்திரா வங்கி 2020 ஏப்ரல் 1இல் யூனியன் வங்கியில் கலந்தது. மூன்றே ஆண்டுகளில் இருபத்தேழாயிருந்த பொதுத்துறை வங்கிகள் பன்னிரண்டாகிவிட்டன. பாஸ் புத்தகத்தில் பெயர் மாறிற்று. குறியீட்டு எண்கள் மாறின. ஒரே தெருவில் எதிரெதிராக இருந்த இரு கிளைகள் ஒரே வங்கியின் இரு கிளைகளாகிவிட்டால் அவற்றுள் ஒன்று மூடப்படுவது இயல்பு. அதைக் குறை சொல்வதற்கில்லை. எஞ்சிய ஒன்றில் கூட்டம் இரட்டிப்பாகிறதே, ஆட்கள் இரட்டிப்பாகிறார்களா என்பதே கேட்கத்தக்கது.

இத்தகைய நிலைக்கு இங்கிலாந்து நாட்டார் கண்டிருக்கும் வழி கவனிக்கத்தக்கது. அங்கு 2015 முதல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டுவிட்டன. சிற்றூர் பலவற்றில் ஒரு வங்கி கூட இல்லை. முதியோரும் சிறு வணிகரும் முறையிட்டனர். வங்கிகள் கூடிப் பணம் போட்டு, எல்லோருக்கும் பொதுவான ஒரே இல்லம் என்னும் ஏற்பாட்டைச் செய்தன. முதல் இரண்டு இல்லங்கள், கிளாஸ்கோவுக்கு அருகில் உள்ள கேம்பஸ்லாங்கிலும் எஸ்ஸெக்ஸைச் சேர்ந்த ரோச்ஃபோர்டிலும் 2021இல் திறக்கப்பட்டன. முன்புறத்தில் அஞ்சலகத்தார் நடத்தும் ஒரு முகப்பு. எந்த வங்கியில் கணக்குள்ளவரும் அங்கே பணம் கட்டலாம், எடுக்கலாம். உட்புறத்தில் ஒரு சிறு அறை. திங்கட்கிழமை ஒரு வங்கியின் அலுவலர், செவ்வாய்க்கிழமை மற்றொரு வங்கியின் அலுவலர் என முறைவைத்து வந்து அமர்வர். நம் ஊர் வாரச்சந்தையில் வளையல்காரரும் துணிக்காரரும் அவரவர் கிழமையில் வருவது போன்றதுதான். இவ்வித இல்லங்கள் நூற்றுக்கு மேல் ஆகிவிட்டன.

குறையும் உண்டு. வியாழக்கிழமை வரும் அலுவலரைக் காண, வெள்ளிக்கிழமை இடரில் சிக்கியவர் ஆறு நாள் காத்திருக்க வேண்டும். பெரிய கடன் வேலைகள் அங்கு முடிவதில்லை. நகை வைக்கும் லாக்கரைப் பொது இல்லத்தில் எதிர்பார்க்கவும் முடியாது. நம் பெண்மணிகளுக்கோ வங்கி என்றால் லாக்கர்தான்! எனினும், கிளைக்கு உரியவர் யார் என்பதும் அங்கே உட்கார்ந்து பதில் சொல்லும் ஆள் இருக்கிறாரா என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதை அந்நாட்டார் பிரித்துப் பார்த்துவிட்டனர். நமக்கு இன்றியமையாதது இரண்டாவது. பலகையில் எந்த வங்கியின் பெயர் இருந்தால் என்ன?

நம் நாட்டில் இத்தகைய பொது இல்லம் இன்னும் எழவில்லை. ஆனால் அதன் செங்கற்கள் ஆங்காங்கே கிடக்கின்றன. இவற்றை வெளிமாநிலத்தில் வாழும் நாம் அறிந்திருத்தல் நலம். 2018 செப்டம்பரில் தொடங்கிய இந்திய அஞ்சல் பணவழங்கீட்டு வங்கியின் வாயிலாக, வேறு எந்த வங்கியில் கணக்கிருந்தாலும், அது ஆதாருடன் இணைந்திருந்தால், விரல் ரேகை வைத்து ஒரு தடவைக்குப் பதினாயிரம் ரூபாய் வரை அஞ்சல்காரரிடமே பெறலாம். எழுபது வயதைக் கடந்தவர்க்கும் உடற்குறை உடையோர்க்கும் வீடு தேடிச் சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே அறிவுறுத்தியது. பொதுத்துறை வங்கிகள் பன்னிரண்டும் சேர்ந்து வீட்டுவாயில் சேவையை 2020இல் பொதுவாக்கின. வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் பெறுவோர் 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் பெறலாம். சென்னையிலிருந்து மகனோடு தார்நாகாவுக்கு வந்துவிட்ட தந்தை இனித் தம் தாள்களை ஊர் ஊராக மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்று, நம் போன்றோர்க்கே உரியது. ஊரைவிட்டுப் புறப்படும்போது கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ ஒரு கணக்கை அப்படியே விட்டு வந்திருப்போம். இரண்டு ஆண்டு கைபடாவிட்டால் அது செயலற்ற கணக்காகும்; பத்து ஆண்டு சென்றால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதியொன்றுக்குப் போய்ச் சேரும். போனாலும் உரிமை போகாது. உரியவரோ வாரிசோ கேட்டுப் பெறலாம். அப்படிக் கிடக்கும் பணத்தைத் தேடுவதற்கென்றே ‘உத்கம்’ என்னும் இணையவாயில் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உறங்கும் கணக்கை எழுப்ப, கணக்குள்ள ஊருக்கே போக வேண்டியதில்லை, அவ்வங்கியின் எந்தக் கிளையிலும் தாள்களைக் கொடுக்கலாம் என்று 2025இல் விதி வந்துவிட்டது. இவ்விதிகளைக் கிளையில் உள்ளவரே சில சமயம் அறியாதிருப்பர். பொறுமையோடு நாமே எடுத்துச் சொல்ல நேரும்.

ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கு அஞ்சலகம், ஒன்றுக்குத் தொலைபேசி எண், மற்றொன்றுக்கு இணையம். கண் மங்கியவருக்கு இத்தனை வாயில்களும் சேர்ந்து ஒரு வாயிலாகவில்லை. தார்நாகா போன்ற இடத்தில், மூடிய கிளை ஒன்றின் தரைத்தளத்தையே பொதுவாக்கி, பன்னிரண்டு வங்கிகளும் முறைவைத்து ஆள் அனுப்பினால், மாடிப்படி ஏறும் துன்பமாவது நீங்கும். போட்டியிடும் வங்கிகள் ஒரே கூரையின்கீழ் உட்காருமா, தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று வங்கியாளர் கேட்பர். தம் இயந்திரங்களில் பிற வங்கியின் அட்டைக்குப் பணம் தர முன்பும் அவர்கள் தயங்கினார்கள். இன்று எந்த அட்டையையும் எந்த ஏ.டி.எம்.மும் ஏற்கிறது.

நாம் முன்னே சொன்ன அம்மையாரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். ஓய்வூதியர் தாம் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் நவம்பரில் மெய்ப்பிக்க வேண்டும் அல்லவா? சென்ற நவம்பரில் அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்தார். விரலை வைக்கச் சொன்னார். தேய்ந்த ரேகை பதியவில்லை. கைப்பேசியை உயர்த்தி, கண்களைச் சிமிட்டச் சொன்னார். முகத்தைக் கண்டு இயந்திரம் ஒப்புக்கொண்டது. அதற்குள் அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். “சந்தகம் அக்கரலேது, அம்மா” என்றார் அவர் தெலுங்கில். கையொப்பம் தேவையில்லை என்று பொருள். மாடியில் அவ்வளவு பாடுபடுத்திய கையெழுத்தை ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்த அம்மையாருக்கு அது சற்று ஏமாற்றமாகவே இருந்தது.