வழித்துணையாகும் மருந்து



கோடை விடுமுறை பிறந்ததும், டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்கள் சொந்த ஊருக்குப் புறப்படுவது வழக்கம். உறவினருக்கு வாங்கிய துணிமணிகளை நாம் மறப்பதில்லை. வழிக்கு வேண்டிய புளியோதரையையும் மறப்பதில்லை. வீட்டு முதியோரின் மருந்தையும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால், அதனை எங்கே, எவ்வாறு வைப்பது என்று சிந்திக்கிறோமா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். எங்கள் அன்னையார் நீரிழிவு நோய்க்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள். டில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம். மே மாதத்தில் நாகபுரிப் பக்கத்து வெயில் 45 டிகிரி சென்டிகிரேடை எட்டுவதும் உண்டு. அந்த வெயிலுக்கு அஞ்சிய நாங்கள், உறைபெட்டியிலிருந்து அப்போதே எடுத்த ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இன்சுலின் குப்பிகளைப் புதைத்து, கவலையின்றி உறங்கினோம். ஊர் சேர்ந்தபின் வேளை தவறாமல் ஊசி போட்டும் அன்னையாரின் தாகம் அடங்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்திருக்கவும் இயலாமல் படுத்துவிட்டார்கள். மருத்துவர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "மருந்து உறைந்து கெட்டிருக்க வேண்டும்" என்றார். புதிய குப்பி வந்த பின்னரே அன்னையார் தேறினார்கள். வெயில் செய்யக்கூடிய கேட்டை எங்கள் அன்பே செய்துவிட்டது!

இன்சுலின் ஒரு புரதப் பொருள். மிகுந்த வெப்பம் அதனைக் கெடுக்கும். உறைநிலைக் குளிரும் கெடுக்கும். உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு நல்லது போலவே தோன்றலாம்; ஆயினும் அதனைப் பயன்படுத்தலாகாது. திறவாத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டிலுள்ள குப்பியோ, பெரும்பாலான வகைகளில், அதிகச் சூடில்லாத அறையில் நான்கு வாரம்வரை தாங்கும். உறையில் அச்சிட்டுள்ள அளவையும் காலத்தையும் படித்து அதன்படி நடப்பதே முறை.

பயணத்தில் ஐஸ் வைத்தாலும், அது மருந்தைத் தொடாதபடி இடையே தடித்த துணி இருக்கட்டும். ஐஸ் கிடைக்காவிடில், நம் வீட்டு மண்பானையை நினைத்துக்கொள்வோம். நீர் ஆவியாகும்போது பானை குளிர்கிறதல்லவா? நீர் புகாத உறையில் குப்பியை இட்டு, ஈரத்துணியால் சுற்றி, காற்றுப்படும் நிழலில் வைத்தால் சூடு ஓரளவு தணியும். மத்திய இந்தியாவின் வறண்ட வெயிலில் இது நன்கு பயன்படும். சென்னை, மும்பை போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அவ்வளவாகப் பயன்படாது.

மாத்திரைகளுக்கு ஈரமும் பகையே. பலவகை மாத்திரைகளை ஒரே டப்பாவில் கொட்டிக் கலப்பது ஆபத்து. பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி, வந்த அட்டையிலேயே அவை இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் எந்த மருந்தையும் விட்டுச் செல்லலாகாது. விமானத்தில் செல்வோர், சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைக்காமல், மருந்தைக் கைப்பையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். ரயிலிலும் அவ்வாறே; இருக்கைக்கு அடியில் பூட்டிய பெட்டியிலுள்ள மருந்து நள்ளிரவு நெஞ்சுவலிக்கு உதவாது.

இன்னுமொன்று. ஒரே மருந்து வேறு ஊரில் வேறு வியாபாரப் பெயரில் விற்கப்படலாம். ஆகவே மருத்துவர் சீட்டில் மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்கிக்கொள்வோம். முதியவர் தனியே சென்றால், எந்த வேளைக்கு எது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தருவோம். ரயில் தாமதமாகலாம், விடுமுறை நீளலாம். சில நாளுக்கு மிகுதியாகவே மருந்து கையிலிருக்கட்டும்.

கட்டுச்சோறு கெட்டால் மணம் காட்டிக்கொடுத்துவிடும். கெட்ட மருந்தோ வாய் திறவாது. அதனால்தான் அதற்கு நம் கவனம் கூடுதலாக வேண்டியிருக்கிறது. நலமே சென்று நலமே திரும்புவோமாக.