சுவர் வெடிப்பும் இருதய வியாதியும்



நாற்பது வயது மனிதன் ஒருவன், வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று விழுந்து செத்தால் ஜனங்கள் என்ன சொல்வார்கள்? "அவன் விதி அவ்வளவுதான்" என்பார்கள். தென் அமெரிக்காவில் இப்படிச் செத்தவர்கள் அநேகர். அவர்களில் பலருடைய சாவுக்குக் காரணம் குடிசைச் சுவரின் வெடிப்பிலிருந்தது என்பதையே இன்று நாம் சொல்ல வந்தோம்.

1907-ல் பிரேசில் தேசத்தில், ரயில் பாதை போடுமிடத்தில் மலேரியாவைத் தடுக்க, கார்லோஸ் சாகாஸ் என்ற டாக்டர் லாசான்ஸ் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஏழைகளின் மண் சுவர் வெடிப்புகளில் ஒருவகைப் பூச்சி பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் தூங்குவோர் முகத்தில் இரத்தம் குடிப்பதாக ஓர் எஞ்சினியர் அவருக்குச் சொன்னார். "பூச்சிதானே" என்று அவர் விட்டுவிடவில்லை. அதன் குடலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், கிருமியைக் கண்டார். 1909 ஏப்ரல் 14-ல் இரண்டு வயதுப் பெண் குழந்தையொன்றின் இரத்தத்திலும் அதே கிருமியைக் கண்டார்.

கிருமி எப்படி உடம்பில் புகுகிறது? இரத்தம் குடித்த பூச்சி அங்கேயே கழிக்கிறது. தூங்குகிறவன் அரிப்பில் சொறியும்போது அக்கழிவு கடிவாயிலோ கண்ணிலோ சேர்ந்துவிடுகிறது. அமேசான் காட்டுப் பக்கத்திலோ, அசாயி என்ற ஒருவகைப் பனையின் பழத்தைச் சாறெடுக்கும்போது பூச்சியும் சேர்ந்து நசுங்கிவிட, குடித்த குடும்பமே காய்ச்சலில் படுக்கிறது.

அந்தக் காய்ச்சல் சில வாரங்களில் பெரும்பாலும் தானே தணியும். பிழைத்தோமென்று நினைப்பார்கள். மோசமே அங்கேதான்! 10 முதல் 30 வருஷம் கழித்து, 100-க்கு 30 பேர் வரை இருதயம் கெடுகிறது. தசை தழும்பாகி, இருதயம் பெருத்து, துடிப்பு தாறுமாறாகி, சிலருக்கு ஒருநாள் நின்றேவிடுகிறது.

மருந்து இல்லையா? உண்டு. பென்ஸ்நிடசோல், நிஃபுர்டிமாக்ஸ் என்று இரண்டு. ஆரம்பத்திலேயே கொடுத்தால் அநேகமாக எல்லோரும் குணமடைகிறார்கள். தழும்பான இருதயத்தையோ எந்த மருந்தும் பழையபடி ஆக்காது.

பிரேசில் அரசாங்கம் வீடுவீடாகப் பூச்சி மருந்தடித்தது. தானம் பெறும் இரத்தத்தைச் சோதித்தது. வீட்டுப் பூச்சிகளில் முக்கியமான ஒன்றால் வியாதி பரவுவது நின்றதென்று 2006-ல் சான்றும் பெற்றது. ஆனாலும் இன்னும் உலகில் சுமார் 70 லட்சம் பேர் உடம்பில் இக்கிருமி இருக்கிறது; பெரும்பாலோர் அதை அறியவே மாட்டார்கள்.

தோழர்களே! மாளிகைச் சுவரில் இந்தப் பூச்சிக்கு இடமில்லை; ஏழையின் மண் சுவரில்தான் இடம். "விதி" என்றால் விசாரணை அத்தோடு முடிந்துவிடும். "ஏன் செத்தான்?" என்று கேட்டால்தான் வெடிப்பு கண்ணில் படும், சுவரும் பூசப்படும்.