ஏற்று என்றதும் இலண்டன். இறக்கு என்றதும் இலண்டன்!

(வாடகைக் குடியிருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



வாடகை வீட்டில் பிறந்து, வாடகை வீட்டில் வளர்ந்தவன் நான். மாதம் பிறந்தால் மற்றவர்கள் நாட்காட்டியைப் பார்ப்பார்கள். என் அன்னையோ அரிசிப் பானையைப் பார்ப்பார். வாடகைப் பணத்தை முடிந்து வைத்த சிறு துணி மூட்டை அதற்குள்தான் கிடந்தது. நான் கல்லூரியைப் பாதியில் விட்டு வெளியேறியதற்கும் அந்த மூட்டை மெலிந்து போனதுதான் காரணம். ஆகவே, வாடகை என்ற சொல்லைக் கேட்டால் என் காதில் முதலில் விழுவது அந்தப் பானையின் ஓசை!

இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்புவது பிரிட்டனின் கதை. அங்கே ஊர் மன்றமே வீடு கட்டுகிறது. ஊர் மன்றமே வாடகை வாங்குகிறது. அவற்றைக் 'கவுன்சில் வீடு' என்பார்கள். அந்த வீடுகள் மன்னர் மனமிரங்கி வழங்கிய மானியமா? அல்ல! 1915-இல், உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். கிளாஸ்கோ நகரின் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினர். ஆடவர் போர்முனையில், ஆயினும் பெண்கள் அஞ்சினரா? மேரி பார்பர் என்ற மாதரசி முன் நிற்க, ஆயிரமாயிரம் குடும்பங்கள் 'ஏற்றிய வாடகையைத் தரமாட்டோம்' என்றன. அந்த ஆண்டே பாராளுமன்றம் பணிந்தது. வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்திச் சட்டம் செய்தது. 1919-இல் அடிசன் சட்டம், ஊர் மன்றங்கள் வீடு கட்ட அரசின் உதவியை அளித்தது. 1924-இல் ஜான் வீட்லி கொண்டுவந்த சட்டமோ, நகரில் கட்டும் வீடொன்றுக்கு ஆண்டுக்கு 9 பவுன் வீதம் 40 ஆண்டுகளுக்கு அரசே தரும் என்றது. இந்த 9 பவுனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இறுதியில் இதனிடம் திரும்பி வருவேன்.

வீடு எழுந்தது, கணக்கும் எழுந்தது. 1935-இல் வந்த சட்டம், மன்றத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே கணக்கேடு வைக்கச் சொன்னது. வீட்டு வருவாய்க் கணக்கு என்பது அதன் பெயர். 1990 ஏப்ரல் முதல் அந்தக் கணக்கைச் சுற்றி வேலியும் போட்டார்கள். ஊரின் பொது வரிப் பணம் அதற்குள் நுழையக் கூடாது. வாடகைப் பணம் வெளியே போகக் கூடாது. பற்றாக்குறையில் முடியும்படி திட்டம் தீட்டவும் மன்றத்துக்கு உரிமை இல்லை.

நாடகம் எழுதுபவன் நான். இதைக் காட்சியாகவே காண்கிறேன். திரை விலகுகிறது. பிப்ரவரி மாதத்துக் குளிர். ஊர் மன்றத்து மண்டபம். ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கு வாடகை முடிவாக வேண்டும். மேசைமீது இருப்பதோ ஒரே உண்டியல். ஒழுகும் கூரை வந்து, "எனக்கு ஓடு வேண்டும்" என்கிறது. பழைய கடன் வந்து, "எனக்கு வட்டி எங்கே?" என்று உறுமுகிறது. பூட்டிக் கிடக்கும் வீடு, "என்னால் வரவில்லை" என்று தலை குனிகிறது. சம்பளப் பட்டியலும் வந்து நிற்கிறது. கதவருகே கைக்குழந்தையுடன் நிற்கும் தாய், "இதற்கு மேல் என்னால் ஆகாதையா!" என்கிறாள். இவர்களுக்கெல்லாம் விடை சொல்ல வேண்டியவர் யார்? நாளைக்குக் கடைத்தெருவில் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டியவர். அடுத்த தேர்தலில் அவள் வாசலில் போய் நிற்க வேண்டியவர். அதுதானே முறை!

அந்த முறையை முறித்தார்கள், தோழர்களே! ஒரு முறை அல்ல, இரு முறை!

முதல் முறை 1972-இல். வீட்டு நிதிச் சட்டம் என்று ஒன்று வந்தது. 'நியாய வாடகை' என்று அதற்கு நெற்றிப் பொட்டும் இட்டார்கள். வாடகையை முடிவு செய்யும் உரிமை மன்றங்களின் கையைவிட்டுப் போயிற்று; அக்டோபரில் வாரத்துக்கு 1 பவுன் ஏற்று என்றது ஆணை. வறியவர்க்குக் கழிவு உண்டு என்றார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஏற்றவா வேண்டாமா என்று கேட்க ஊர் மன்றத்துக்கு வாயில்லை! டார்பிஷயரில் கிளே கிராஸ் என்றொரு சிற்றூர். சுரங்கத் தொழிலாளர் ஊர். அங்கே 11 மன்ற உறுப்பினர்கள், "ஏற்றமாட்டோம்" என்றனர். கணக்காய்வாளர் வந்தார், 6,985 பவுனை அவர்கள் சொந்தக் கையிலிருந்து கட்டச் சொன்னார். வழக்கு மன்றத்தில் தோற்றனர், பதவி பறிபோயிற்று. இடைத்தேர்தலில் ஊர் மக்கள் தேர்ந்தெடுத்ததோ, பெரும்பாலும் அவர்கள் வழி நின்றவர்களையே! 1975-இல் புதிய சட்டம் வந்து, வாடகையை முடிவு செய்யும் உரிமையை மன்றங்களுக்குத் திருப்பித் தந்தது.

இரண்டாம் முறை நடந்தது வேறு வேடத்தில். 2012-இல் அரசு மன்றங்களிடம், "பழைய கடனில் உன் பங்கை ஏற்றுக்கொள், வாடகை முழுவதையும் நீயே வைத்துக்கொள்" என்றது. 30 ஆண்டுக்குக் கணக்குப் போட்டுக் கடனைப் பிரித்தார்கள். 2015 முதல் பத்தாண்டுக்கு, விலைவாசி உயர்வுக்கு மேல் நூற்றுக்கு ஒன்று வாடகை கூடலாம் என்றும் வாக்களித்தார்கள். 2015 ஜூலையில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எழுந்தார். பத்தாண்டு வாக்கு ஓராண்டுகூடத் தாங்கவில்லை! 2016 ஏப்ரல் முதல் நான்காண்டுக்கு, ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒன்று வாடகையைக் குறை என்று ஆணை பிறந்தது.

"வாடகை குறைந்தால் நல்லதுதானே? இதற்கும் ஏன் குறை சொல்கிறாய்?" என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். கணக்கையே பார்ப்போம். 100 பவுன் வாடகை நான்காண்டில் ஏறத்தாழ 96 பவுன் ஆயிற்று. கூலிக் கொத்தனார் கூலியைக் குறைத்தாரா? கதவும் குழாயும் விலை குறைந்தனவா? இல்லை! 30 ஆண்டுக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. கூரைக்கு வைத்த பணம் கரைந்தது. சொந்தக் கையிலிருந்து வாடகை கட்டியவருக்குச் சிறு மிச்சம் கிடைத்தது, உண்மை. ஆனால் வாடகை முழுவதையும் அரசின் உதவித்தொகையால் கட்டிய ஏழைக்கு? ஒரு காசு மிச்சமில்லை! உதவித்தொகை குறைந்தது, மிச்சம் போய்ச் சேர்ந்த இடம் அரசின் கருவூலம். ஏழையின் பெயரைச் சொல்லி ஏழையின் கூரையில் கை வைத்த கொடுமை இது.

2023-இல் மீண்டும் அதே காட்சி. விதிப்படி 11.1 விழுக்காடு ஏற்றியிருக்கலாம். 7-க்கு மேல் கூடாது என்றது அரசு. குடும்பங்களுக்கு அது தேவையான நிம்மதிதான். ஆனால் இடைவெளியைச் சுமந்தது யார்? மீண்டும் அந்த உண்டியல்தான்!

உள்ளதைச் சொல்ல வேண்டும். மன்றங்களும் மாசற்றவை அல்ல. வாக்குக்காக வாடகையைத் தாழ்த்தி, பழுது பார்ப்பதைத் தள்ளிப் போடும் மன்றம், இனிப்பைக் கொடுத்துப் பல்லைப் பறிக்கும் மருத்துவனுக்கு ஒப்பானது. அதைத் தட்டிக் கேட்க வழி, குடியிருப்போர் கணக்கேட்டைத் திறந்து பார்ப்பதுதான். நான் தரும் வாடகையில் கூரைக்கு எவ்வளவு? கடனுக்கு எவ்வளவு? பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை? கேளுங்கள் என்கிறேன்! கேட்கும் மக்கள் அருகில் இருந்தால், ஏய்க்கும் மன்றம் நிலைக்காது. தொலைவில் இருக்கும் அமைச்சரிடம் இந்தக் கேள்வியை எந்தக் கதவைத் தட்டிக் கேட்பது?

இனி அந்த 9 பவுனிடம் வருகிறேன். வீட்லியின் சட்டம் என்ன சொன்னது? ஏழைக்கு வாடகை தாழ்வாக இருக்க வேண்டுமா? சரி, அதற்கான பணத்தை நான் தருகிறேன். ஓராண்டல்ல, நாற்பதாண்டு தருகிறேன் என்றது. அது ஆளும் முறை! வாடகையைக் குறைக்க விரும்பும் அரசு, குறைந்த தொகையைத் தானே ஈடு செய்யட்டும். ஏற்ற விரும்பும் மன்றம், ஏன் என்று தன் மக்களிடம் சொல்லட்டும். கொடுப்பது தன் கையிலிருந்து இல்லையென்றால், கொடை வள்ளல் என்ற பட்டம் எதற்கு?

என் அன்னையின் மூட்டையில் இருந்தது சிறு தொகைதான். ஆனால் அது எதற்கென்று அவருக்குத் தெரியும். அதை அவிழ்க்கும் உரிமையும் அவரிடமே இருந்தது. ஊரின் மூட்டைக்கும் அந்த நீதி வேண்டும்!