‘எல்லோரும்’ என்னும் பொய்



நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். உயர்நிலைப் பாடசாலையைக் களமாகக் கொண்ட இத்தொடர்கள் ஒரு காலத்தில் கூடத்திலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் மாத்திரமே வந்தன. இன்று அவை பிள்ளையின் கைபேசிக்குள் வந்துவிட்டன. ஆகவே, அவை என்ன சொல்கின்றன என்பதை அறியாமல் ‘பார்க்காதே’ என்று கூறுவது மட்டும் போதாது.

1974 முதல் 1984 வரை ஒளிபரப்பான ‘ஹேப்பி டேய்ஸ்’ தொடரிலும் இளைஞரின் காதல் முயற்சிகள் சிரிப்புக்குரியனவாக இருந்தன. 1998இல் தொடங்கிய ‘தட் செவன்டீஸ் ஷோ’வில் பாலுறவே வெளிப்படையான வேடிக்கைப் பொருளாயிற்று. இவ்வகைத் தொடர்களில் ஒரு பாத்திரம் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். அது காதல் அனுபவம் எதுவுமற்ற மாணவரின் பாத்திரம். ஏனையோர் அவரைப் பார்த்தே சிரிக்கின்றனர். ‘எல்லோரும் முன்னே சென்றுவிட்டார்கள், நீ மட்டும் பின்தங்கிவிட்டாய்’ என்பதே அச்சிரிப்பின் பொருள்.

அந்த ‘எல்லோரும்’ யார்?

முதலில் அந்தச் சிரிப்பையே எடுத்துக்கொள்வோம். 1950களில் சார்ள்ஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியியலாளர், முன்னரே பதிவுசெய்த சிரிப்பொலிகளை வேண்டிய இடத்தில் சேர்க்கும் கருவியொன்றை உருவாக்கினார். பல தசாப்தங்களாக அமெரிக்கத் தொடர்கள் பலவற்றில் நாம் கேட்டது அத்தகைய சிரிப்பையே. அங்கே சிரிப்பதற்கு எவரும் இருக்கவில்லை.

அடுத்து, நடிகர்களின் வயது. 2020 முதல் 2023 வரை நெட்பிளிக்ஸில் வெளியான ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில், மாணவிகள் வியந்து நோக்கும் பக்ஸ்டன் என்ற மாணவனாக நடித்த டரன் பார்னெட் 1991இல் பிறந்தவர். முப்பதை நெருங்கிய ஒருவரின் உடலையும் துணிவையும் பதினாறு வயதுப் பிள்ளை தன்னோடு ஒப்பிட்டுக் குறைபடுகிறது.

மூன்றாவது, உண்மை நிலை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு நிலையம் உயர்நிலைப் பாடசாலை மாணவரிடையே நாடளாவிய ஆய்வை நடத்தி வருகிறது. பாலுறவு அனுபவம் உண்டென்று கூறியோர் 1991இல் ஏறத்தாழ 54 வீதத்தினர். 2021இல் அது ஏறத்தாழ 30 வீதம். திரையில் கேலிக்குள்ளாகும் அந்தப் பிள்ளையே இன்று அங்கு பெரும்பான்மை!

‘வெறும் வேடிக்கைப் பேச்சுத்தானே’ என்று சிலர் கூறுவர். 12 முதல் 17 வயது வரையான 1,792 பேரைக் கொண்டு ரேண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. பாலியல் உள்ளடக்கத்தை அதிகம் பார்த்தோர், அடுத்த ஓராண்டில் பாலுறவைத் தொடங்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. காட்சி இன்றிப் பேச்சு மட்டும் இருந்தபோதும் இதே தொடர்பு காணப்பட்டது. தொலைக்காட்சியே முழுக் காரணம் என்று இது நிறுவிவிடாது. எனினும், பேச்சு வெறும் பேச்சன்று என்பதை எண்ணிப் பார்க்க இது போதும்.

நான் குறிப்பிட்ட தொடரின் நாயகி தேவி, கலிபோர்னியாவில் வாழும் தமிழ்ச் சிறுமி. அப்பாத்திரத்தில் நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணனின் பெற்றோர் இலங்கையிலிருந்து கனடாவுக்குச் சென்ற தமிழர்கள். கதையில் தேவி, பக்ஸ்டனிடம் தானே சென்று உறவுக்கு அழைக்கிறாள். நேரம் வந்ததும் அஞ்சித் திரும்பிவிடுகிறாள். ஆனால், அது நடந்ததாகவே தோழியரை நம்பவிடுகிறாள். ‘எல்லோரும்’ என்ற எண்ணம் இவ்வாறுதான் உருவாகிறது. ஒருவர் சொல்லும் பொய், மற்றவரின் வெட்கமாகிறது.

அத்தொடரில் இன்னோர் உண்மையும் உண்டு. தேவியின் தந்தை அவள் கண்முன்னே மாரடைப்பால் விழுந்து இறந்தவர். அந்தத் துயரைப் பேச முடியாத பிள்ளையே காதலனைத் தேடி ஓடுகிறது. கேலியின் அடியில் கிடப்பது தனிமை.

பெற்றோரே, நாணத்தை ஈமானின் பகுதியாகக் கருதும் நாம், நாணமுள்ள பிள்ளை தன்னைக் குறைபாடுள்ளவராக எண்ணும்படி விட்டுவிடலாமா? இன்றிரவு பிள்ளையின் அருகில் அமர்ந்து, ‘அந்தத் தொடரில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேளுங்கள். பதிலைக் கோபமின்றிச் செவிமடுங்கள். வீட்டில் பேச இடம் கிடைத்த பிள்ளைக்குத் திரையின் ‘எல்லோரும்’ தேவைப்படாது.

அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காத்தருள்வானாக. வஸ்ஸலாம்.