அவன் என்ன சொல்கிறான்?

(சபையின் ஆண்டு விழாவில் ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பிள்ளைகளே, எரிகோ வழியில் உட்கார்ந்திருந்த பர்திமேயுவின் கதை உங்களுக்குத் தெரியும். அவனுக்குக் கண் தெரியாது. இயேசு அந்த வழியால் போகிறார் என்று அறிந்ததும் சத்தம் போட்டான். சுற்றி நின்றவர்கள் வாயை மூடச் சொன்னார்கள். அவன் இன்னும் பலமாகக் கத்தினான். இயேசு என்ன செய்தார்? நின்றார். அவனை அழைத்தார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

வாயை மூடச் சொன்ன கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். சொல்வதற்கு அந்தப் பிள்ளையின் தாய் சம்மதம் தந்திருக்கிறார்.

நமது ஞாயிறு பாடசாலைக்கு எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஓட்டிசம் உள்ள பிள்ளை. நாலைந்து சொற்கள்தான் பேசுவான். தாயும் அவனோடு வகுப்பில் இருப்பார். திடீரென்று காதில் அடித்துக்கொண்டு கத்துவான். பக்கத்தில் இருப்பவரைத் தள்ளுவான். ஒருநாள் ஒரு சிறுமி விழுந்து அழுதாள். நான் பொறுமை இழந்து, "தங்கச்சி, இவன் அடங்கின பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. ஏழு மாதம் வரவில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். பிசாசின் கிரியை என்றார் இன்னொருவர். அவனுக்காக ஜெபித்தோம். ஆனால் அவன் ஏன் கத்துகிறான் என்று அந்தத் தாயிடம் நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் நான் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணி தந்துவிட்டு ஒரு கொப்பியை எடுத்து வந்தார். பக்கத்துக்கு மூன்று கோடுகள் போட்டு எழுதியிருந்தார். முதலில், கத்துவதற்கு முன் என்ன நடந்தது. அடுத்தது, அவன் என்ன செய்தான். மூன்றாவது, அதன் பின் என்ன நடந்தது. நம் வகுப்பில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளும் அதில் இருந்தன.

"அக்கா, அவன் சும்மா கத்திறதில்லை. பக்கத்தில கை காயவைக்கிற மெசின் போட்ட நேரமெல்லாம் கத்தியிருக்கிறான்" என்றார்.

நம் வகுப்பறைக்கு அடுத்தது கழிவறை. அந்த மெசின் இரைச்சலை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. ஓட்டிசம் உள்ள பலருக்குச் சில சத்தங்கள் தாங்கமுடியாத வேதனையாக இருக்கும். மூன்றாவது வரிசையில் ஒவ்வொரு நாளும் ஒரே பதில்: வெளியே கூட்டிப் போனோம், அமைதியானான். கத்தினால்தான் வெளியே போகலாம் என்பதை அவனுக்குப் பழக்கியது நாங்களே.

1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகள் எந்த நேரத்தில் குழப்பம் செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். பாடம் கடினமானபோது, அல்லது பெரியவரின் கவனம் கிடைக்காதபோது. உதவியையும் கவனத்தையும் சொல்லிக் கேட்கக் கற்றுக்கொடுத்தபோது குழப்பம் நன்றாகக் குறைந்தது. பேச்சு வராத பிள்ளைக்குப் படம் அல்லது கைச்சைகை அந்த வேலையைச் செய்யும்.

பெற்றோரே, ஒன்றைக் கவனியுங்கள். இதுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று அடிக்கவோ, தலையை மோதவோ, சாப்பாட்டைத் தள்ளவோ தொடங்கினால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் எதையும் அவரால் வாயால் சொல்ல முடியாமல் இருக்கலாம். வளர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

பிறகு நாங்கள் சில மாற்றங்கள் செய்தோம். ஞாயிறு காலையில் அந்த மெசினை நிறுத்திவிட்டு கடதாசித் துவாய் வைத்தோம். அவனுக்குச் சத்தத்தைக் குறைக்கும் காதுமூடி வந்தது. கதவுப் படம் போட்ட அட்டை ஒன்று கொடுத்தோம். அதைக் காட்டினால் அந்த நொடியே வெளியே கூட்டிப் போவோம். முதல் ஞாயிறு பதினொரு தரம் காட்டினான். பதினொரு தரமும் போனோம். இப்போது ஒன்றிரண்டு தரம்தான். இன்னும் கத்தும் நாட்கள் உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அவன் வருகிறான்.

விளங்கிக்கொள்வது என்றால் அடியை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது அல்ல. விழுந்த அந்தச் சிறுமிக்கும் வலித்தது. அப்படியான நேரத்தில் மற்றப் பிள்ளைகளைத் தள்ளி இருத்துங்கள். சுற்றி நின்று பார்க்காதீர்கள். ஆளுக்காள் புத்தி சொல்லாதீர்கள். ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில், இரண்டொரு சொல் பேசினால் போதும். அவன் ஆறட்டும். அவனுடைய தாயின் முகத்தை முறைத்துப் பார்க்காமல், ஒரு கதிரை கொண்டுபோய்க் கொடுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் நண்பன் கத்தும்போது சிரிக்காதீர்கள். தொலைபேசியில் படம் எடுக்காதீர்கள். அவனுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் விலகி நின்று ஒரு பெரியவரைக் கூப்பிடுங்கள். அவன் ஆறியதும் மறுபடி விளையாடக் கூப்பிடுங்கள். அந்தச் சிறுமி அப்படித்தான் செய்தாள். இப்போது அட்டையை அவனுக்கு எடுத்துக் கொடுப்பவளும் அவளே.

சபையாரே, இத்தனை ஆண்டுகள் கர்த்தர் நம்மை நடத்தியதற்காக இன்று நன்றி சொல்கிறோம். இந்த நாளில் ஒன்றை யோசிப்போம். நம்மில் எத்தனை குடும்பங்கள், பிள்ளை சத்தம் போடுமே என்று பயந்து வீட்டிலேயே இருக்கின்றன? அவர்களைத் தேடிப் போவோம். அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்போம். பதில் சொல்லில் வராமல் இருக்கலாம். கொஞ்சம் நின்று பார்த்தால் தெரியும்.

கர்த்தர் நம் சபையையும் நம் எல்லாப் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.